கேமரா பார்க்கும்... ஆனா தடுக்குமா? அமெரிக்காவின் குட்டி துப்பாக்கிக் கடைகளும் ஓராண்டு வீடியோ விதியும்

2009 மே மாதம். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில், மில்வாக்கி நகரை ஒட்டிய ஒரு துப்பாக்கிக் கடை. பெயர் பேட்ஜர் கன்ஸ். இரண்டு இளைஞர்கள் உள்ளே வருகிறார்கள். ஒருவருக்கு வயது 18, இன்னொருவருக்கு 21. துப்பாக்கியைத் தேர்வு செய்தது 18 வயதுக்காரர். ஆனால், 21 வயது ஆகாத ஒருவருக்கு உரிமம் பெற்ற டீலர் கைத்துப்பாக்கி விற்பது அந்நாட்டு மத்திய சட்டப்படி குற்றம். அதனால் படிவத்தை நிரப்பி, கையெழுத்துப் போட்டு வாங்கியவர் மற்றவர். அந்த உதவிக்கு அவருக்குக் கிடைத்த கூலி 40 டாலர்.

ஒரு மாதத்துக்குச் சற்று மேல். அதே துப்பாக்கியால் இரண்டு போலீஸார் சுடப்பட்டனர். பலத்த காயங்களோடு இருவரும் உயிர் பிழைத்தார்கள். பிறகு கடை மீதே வழக்குப் போட்டார்கள். 2015-ல் கிட்டத்தட்ட 60 லட்சம் டாலர் தர வேண்டும் என்று ஜூரி சொன்னது (பின்னர் 10 லட்சம் டாலருக்கு சமரசம் ஆனது வேறு கதை). கடையின் கண்காணிப்புக் கேமராவில் பதிவான காட்சியும் அந்த வழக்கில் சாட்சியமாக இருந்தது.

இதில் ஒரு விஷயத்தை கவனிச்சீங்களா? கேமரா ஓடிக்கொண்டுதான் இருந்தது. விற்பனையும் நடந்துகொண்டுதான் இருந்தது.

துப்பாக்கி விற்கிற ஒவ்வொருவரும் கேமரா வைத்தே ஆக வேண்டும் என்று சில அமெரிக்க மாநிலங்கள் சட்டம் போட்டிருக்கும் இந்த நேரத்தில், பேட்ஜர் கன்ஸ் கதையை ஞாபகம் வைத்துக்கொள்வது நல்லது. கேமராவால் என்ன முடியும், என்ன முடியாது என்ற இரண்டுமே அந்த ஒரே வீடியோவில் இருக்கின்றன.

கலிஃபோர்னியா என்ன கேட்கிறது?

2022-ல் ஆளுநர் கேவின் நியூசம் கையெழுத்திட்ட சட்டம் இது. 2024 ஜனவரி 1 முதல், மாநிலத்தில் உரிமம் பெற்ற ஒவ்வொரு துப்பாக்கி டீலரின் வியாபார இடமும் டிஜிட்டல் வீடியோ கண்காணிப்பில் இருக்க வேண்டும். கடைக்குள் வரும், வெளியே போகும் வழிகள், துப்பாக்கிகளைப் பார்வைக்கு வைத்திருக்கும் இடங்கள், பணம் கைமாறும் கவுன்ட்டர் என எல்லாம் பதிவாக வேண்டும். வாங்குபவர், விற்பவர் முகம் அடையாளம் தெரிய வேண்டும். தேதியும் நேரமும் திரையில் இருக்க வேண்டும்.

இதுவரை சரி. நகைக்கடையில் இருக்கிற மாதிரிதானே என்று தோன்றும். ஆனால், விவரங்களுக்குள் போனால் சங்கதி வேறு.

பதிவு 24 மணி நேரமும் ஓட வேண்டும். கடை மூடியிருந்தாலும் ஓட வேண்டும். விநாடிக்கு 15 ஃப்ரேமுக்குக் குறையக் கூடாது. உள்ளே இருக்கும் கேமராக்கள் ஒலியையும் பதிவு செய்ய வேண்டும். பதிவுகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும். கேமராவோ சேமிப்புக் கருவியோ நின்றுபோனால் டீலருக்கு உடனே தகவல் போகிற வசதி வேண்டும். விதிப்படி எல்லாம் இருக்கிறது என்று ஆண்டுதோறும் மாநில நீதித் துறைக்குச் சான்றளிக்க வேண்டும். உங்கள் உருவமும் பேச்சும் பதிவாகலாம் என்று, ஒரு அங்குல உயரத்துக்குக் குறையாத எழுத்தில், ஒவ்வொரு வாசலிலும் பலகை மாட்ட வேண்டும். இதே சட்டத்தில்தான், ஒரு சம்பவத்துக்கு 10 லட்சம் டாலர் அளவுக்குப் பொறுப்புக் காப்பீடு எடுக்க வேண்டும் என்ற நிபந்தனையும் 2023 ஜூலையில் இருந்து வந்தது.

பதிவை டீலர் இஷ்டத்துக்கு யாருக்கும் காட்டவும் முடியாது. ஆய்வுக்கு வரும் அதிகாரிகள், நீதிமன்ற உத்தரவு, காப்பீட்டுக் கோரிக்கை, சிவில் வழக்கு என்று சட்டம் சொல்கிற சில காரணங்களுக்கு மட்டும்தான். கடையில் திருட்டு நடந்து, 'இவனைத் தெரியுமா?' என்று கிளிப்பை ஃபேஸ்புக்கில் போட்டால் டீலரே சட்டத்தை மீறியவர் ஆகிவிடுவார். வாடிக்கையாளர் பார்வையில் இது நல்ல பாதுகாப்பு.

சரி, யார் இந்த 'குட்டி டீலர்'?

துப்பாக்கிக் கடை என்றதும் சுவர் முழுக்க ரைஃபிள் தொங்கும் பெரிய ஷோரூம் நினைவுக்கு வரும். ஆனால், அமெரிக்காவில் உரிமம் வைத்திருப்பவர்களில் வீட்டில் இருந்தே தொழில் செய்பவர்களும் இருக்கிறார்கள். ஆங்கிலத்தில் இவர்களை 'கிச்சன் டேபிள் டீலர்' என்பார்கள். முன்னறையில் ஒரு மேசை, ஒரு இரும்புப் பெட்டகம், ஒரு கம்ப்யூட்டர். ஆன்லைனில் ஒருவர் துப்பாக்கி வாங்கினால், அது நேரே அவர் வீட்டுக்கு வராது. உள்ளூரில் உரிமம் பெற்ற ஒருவரிடம் வந்து, அங்கே பின்னணிச் சோதனை முடிந்த பிறகுதான் கைக்கு வரும். இந்த இடைநிலை வேலைக்குக் கட்டணம் வாங்குவதுதான் பலருக்குப் பிழைப்பு, இன்னும் பலருக்குப் பகுதி நேர வருமானம்.

முன்பு இவர்கள் எண்ணிக்கை மிக அதிகம். 1990-களின் தொடக்கத்தில் மத்திய உரிமங்கள் மொத்தம் 2.8 லட்சத்தைத் தொட்டன. காரணம் எளிது: ஆண்டுக்கு 10 டாலர் கட்டினால் போதும். 1993-ல் பிரேடி சட்டம் அதை 3 ஆண்டுக்கு 200 டாலர் ஆக்கியது. அடுத்த ஆண்டே கைரேகை, புகைப்படம், உள்ளூர் சட்டங்களுக்கு உட்பட்டிருப்பதற்கான உறுதி என்று நிபந்தனைகள் இறுகின. 10 ஆண்டுகளுக்குள் உரிமங்கள் சுமார் 1 லட்சமாகச் சுருங்கின. அதாவது, விதியைக் கடுமையாக்கினால் முதலில் காணாமல் போவது குட்டி டீலர்தான் என்பதை அமெரிக்கா ஏற்கெனவே ஒருமுறை பார்த்துவிட்டது. அதை நல்லதென்று சொன்னவர்கள் உண்டு, அநியாயம் என்று சொன்னவர்களும் உண்டு.

ஓராண்டு வீடியோ... எவ்வளவு இடம் பிடிக்கும்?

ஐ.டி.யில் வேலை பார்ப்பவர்கள் இதைப் படித்ததும் மனசுக்குள் கணக்குப் போட ஆரம்பித்திருப்பீர்கள். நாமும் போட்டுப் பார்ப்போம்.

ஃபுல் ஹெச்.டி. தரத்தில் ஒரு கேமரா விநாடிக்கு 2 மெகாபிட் எடுத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளைக்கு 21.6 ஜி.பி. ஓராண்டுக்கு கிட்டத்தட்ட 7.9 டி.பி. வாசலுக்கு ஒன்று, பின்வாசலுக்கு ஒன்று, காட்சிப் பகுதிக்கு ஒன்று, மேசைக்கு ஒன்று என நான்கு கேமரா வைத்தால் 31.5 டி.பி. நல்ல கம்ப்ரெஷன் இருந்தால் பாதியாகலாம். ஆனால் ஹார்டு டிஸ்க் பழுதானால் என்ன செய்வது என்று யோசித்து பேக்கப் எடுத்தால் மறுபடி இரட்டிப்பாகிவிடும். கிளவுடுக்கு அனுப்பலாம் என்றால், நாள் முழுக்க விநாடிக்கு 8 மெகாபிட் அப்லோடு நிற்காமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். கிராமப்புற கலிஃபோர்னியாவில் எல்லா வீட்டிலும் அந்த இணைப்பு கிடைக்காது.

வீட்டுக் கேமராக்களில் இடத்தை மிச்சம் பிடிக்க ஒரு வழி உண்டு, தெரியும்தானே? அசைவு இருந்தால் மட்டும் பதிவு செய்யச் சொல்வோம். இங்கே அது செல்லாது. தொடர்ச்சியான பதிவு என்று சட்டம் சொல்கிறது. இரவு 2 மணிக்கு ஆளில்லாத மேசையைக்கூட விநாடிக்கு 15 ஃப்ரேமில் படம் பிடித்து, அதை ஓராண்டு பத்திரமாக வைத்திருக்க வேண்டும்.

வாரத்துக்கு 100 துப்பாக்கி விற்கும் கடைக்கு இந்தச் செலவு கணக்கிலேயே வராது. மாதத்துக்கு நாலு பேர் வரும் வீட்டு டீலருக்கும் அதே நான்கு கேமரா, அதே ஹார்டு டிஸ்க், அதே காப்பீடு. விற்பனை குறைவு என்பதற்காக டெராபைட் குறையாது.

செலவை வாடிக்கையாளர் தலையில் கட்டலாமே என்றால், அதற்கும் ஓரளவு முட்டுக்கட்டை இருக்கிறது. கலிஃபோர்னியாவில் இரண்டு தனிநபர்கள் தங்களுக்குள் துப்பாக்கியை விற்று வாங்குவதுகூட உரிமம் பெற்ற டீலர் வழியாகத்தான் நடக்க வேண்டும். அந்த வேலைக்கு, அரசு கட்டணம் போக, ஒரு துப்பாக்கிக்கு 10 டாலருக்கு மேல் டீலர் வாங்கக் கூடாது என்று தனிச் சட்டம் இருக்கிறது.

அப்புறம் எதுக்கு இந்த கேமரா?

பேட்ஜர் கன்ஸ் கடையில் நடந்ததற்கு அமெரிக்காவில் 'ஸ்ட்ரா பர்ச்சேஸ்' என்று பெயர். நமக்குப் புரியும் சொல்லில் சொன்னால் பினாமி கொள்முதல். வாங்கத் தகுதி இல்லாதவருக்காகத் தகுதி உள்ளவர் வாங்கித் தருவது. 'உண்மையில் நீங்கள்தான் வாங்குபவரா?' என்று மத்திய அரசின் 4473-ம் எண் படிவம் கேட்கிறது. பொய்யாக 'ஆமாம்' என்று போடுவார்கள். பின்னணிச் சோதனையில் இது மாட்டாது, ஏனென்றால் பினாமியின் பின்னணி சுத்தமாகத்தான் இருக்கும். 2022-ல் நிறைவேறிய மத்திய சட்டம் இதைத் தனிக் குற்றமாக்கி, 15 ஆண்டு வரை சிறை என்று சொன்னது.

தண்டனை இருக்கிறது. நிரூபிப்பது எப்படி? குற்றம் நடந்த இடத்தில் ஒரு துப்பாக்கி கிடைத்தால், அதன் வரிசை எண்ணை வைத்து எந்தக் கடையில், யார் பெயரில் விற்கப்பட்டது என்று கண்டுபிடிப்பார்கள். கையில் கிடைப்பது ஒரு படிவமும் ஒரு கையெழுத்தும்தான். 'ஆமாம், எனக்காகத்தான் வாங்கினேன், அப்புறம் திருடுபோச்சு' என்று அவர் சொன்னால்? அந்த இடத்தில்தான் வீடியோ பேசும். பக்கத்தில் யார் நின்றார்கள், எந்தத் துப்பாக்கி என்று யார் கை காட்டினார்கள், பணத்தை யார் எடுத்துக் கொடுத்தார்கள் என்பதெல்லாம் படிவத்தில் இருக்காது.

இன்னொரு காரணமும் உண்டு. துப்பாக்கிக் கடைகளை ஆய்வு செய்ய வேண்டிய மத்திய அமைப்பு ஏ.டி.எஃப். ஆனால், அதற்கு ஆள் பற்றாக்குறை தீராத நோய். அமெரிக்க நீதித் துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2013-ல் வெளியிட்ட அறிக்கை, உரிமம் பெற்றவர்களில் 58 சதவீதத்துக்கும் மேற்பட்டவர்கள் 5 ஆண்டுகளுக்குள் ஒருமுறைகூட ஆய்வு செய்யப்படவில்லை என்றது. அதற்கு மேல், வாரன்ட் இல்லாத வழக்கமான ஆய்வை 12 மாதத்துக்கு ஒருமுறைக்கு மேல் செய்யக் கூடாது என்று 1986-ம் ஆண்டுச் சட்டமே கட்டிப்போட்டிருக்கிறது. ஆய்வாளர் வராத நாட்களில் கேமராவாவது இருக்கட்டும் என்பது சட்டத்தை ஆதரிப்பவர்களின் வாதம். பெரிய சங்கிலிக் கடைகள் இதைச் சட்டம் இல்லாமலேயே செய்திருக்கின்றன. துப்பாக்கி விற்பனையை வீடியோ எடுப்பதாக வால்மார்ட் 2008-லேயே ஒப்புக்கொண்டது.

ஆனால், இங்கே ஒரு சங்கடம். ஏ.டி.எஃப். கணக்கில், ஒரு துப்பாக்கி விற்கப்பட்டதில் இருந்து குற்ற இடத்தில் கிடைக்கும் வரையிலான காலம் முக்கியமான அளவுகோல். அது 3 ஆண்டுக்குள் இருந்தால் கடத்தலுக்கான அறிகுறியாகப் பார்ப்பார்கள். கலிஃபோர்னியாவின் வீடியோ ஓராண்டுதான் இருக்கும். இல்லினாய் மாநிலத்தில் 90 நாள். நியூயார்க்கில் 2 ஆண்டு. மில்வாக்கியில் ஒரு மாதத்துக்குச் சற்று மேலேயே எல்லாம் நடந்து முடிந்ததால் வீடியோ கிடைத்தது. 14 மாதம் கழித்து நடந்திருந்தால் கலிஃபோர்னியா விதிகூட உதவியிருக்காது. வைத்திருக்கும் காலத்தைக் கூட்டக் கூட்ட புலனாய்வுக்கு நல்லது. அதே வேகத்தில் குட்டி டீலரின் பில்லும் ஏறும்.

வீடும் கடையும் ஒண்ணா இருந்தா?

உண்மையான சண்டை இங்கேதான். வீட்டு முன்னறைதான் வியாபார இடம் என்றால், அந்த அறைக்குள் குழந்தைகள் வருவார்கள், சாயங்காலம் நண்பர்கள் வந்து உட்காருவார்கள், கணவன் மனைவி சண்டை நடக்கும். எல்லாம் படமாகவும் ஒலியாகவும் ஓராண்டு இருக்கும். ஆய்வுக்கு வரும் அதிகாரி அதைப் பார்க்கக் கேட்கலாம். வாசலில் ஒரு அங்குல எழுத்துப் பலகை வேறு. உள்ளே துப்பாக்கி இருக்கிறது என்று தெருவுக்கே விளம்பரம் செய்வது மாதிரி இல்லையா என்று கேட்கிற டீலர்களின் கவலையை சும்மா ஒதுக்கிவிட முடியாது.

2023 இறுதியில் இந்தச் சட்டத்தை எதிர்த்து மத்திய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தவர்களின் வாதங்களும் இந்தத் திசையில்தான். துப்பாக்கி உரிமை மட்டுமல்ல, பேச்சுரிமையையும் கொண்டுவந்தார்கள். துப்பாக்கிக் கடை என்பது அரசியல் பேசும் இடமும்கூட. ஒவ்வொரு வார்த்தையும் பதிவாகிறது, அதை அரசு அதிகாரி கேட்கக்கூடும் என்றால் யார் மனம்விட்டுப் பேசுவார்கள் என்பது அவர்கள் கேள்வி.

வீட்டைச் சோதனையிட வாரன்ட் வேண்டும் என்பது அமெரிக்க அரசமைப்பின் நான்காவது திருத்தம் தரும் பாதுகாப்பு. ஆனால், துப்பாக்கி வியாபாரத்துக்கு அங்கே நீண்ட காலமாகவே விதிவிலக்கு. 1972-ல் பிஸ்வெல் வழக்கில், உரிமம் பெற்ற துப்பாக்கி டீலரின் சரக்கறையை வாரன்ட் இல்லாமல் ஆய்வு செய்யலாம் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது: இந்தத் தொழிலுக்கு வரும்போதே ஆய்வு உண்டு என்று தெரிந்துதான் வருகிறீர்கள் என்பது தர்க்கம். 2015-ல் லாஸ் ஏஞ்சலிஸ் ஹோட்டல்களின் விருந்தினர் பதிவேடு பற்றிய வழக்கில், ஹோட்டல்களுக்கு இந்த விதிவிலக்கு பொருந்தாது என்ற நீதிமன்றம், பொருந்தும் தொழில்களாக நான்கை மட்டும் சுட்டியது: மது விற்பனை, துப்பாக்கி விற்பனை, சுரங்கம், பழைய வாகன உடைப்புக் கூடம். ஆக, சட்டப்படி டீலரின் நிலை கொஞ்சம் பலவீனம்தான். ஆனால் 1972-ல் யோசித்தது ஒரு அதிகாரி பகலில் வந்து அலமாரியைத் திறந்து பார்ப்பதைப் பற்றி. 365 நாளும் வீட்டுக்குள் நடக்கும் பேச்சைச் சேமிப்பதைப் பற்றி அல்ல.

கோர்ட் என்ன பார்க்குது?

நியூயார்க் டீலர்கள் இதே போன்ற விதிகளை எதிர்த்துப் போன வழக்கு ஒரு நல்ல உதாரணம். கேமரா, பாதுகாப்பு, ஊழியர் பயிற்சி எல்லாம் சேர்ந்து தங்களைத் தொழிலை விட்டே விரட்டிவிடும் என்றார்கள். 2023 டிசம்பரில் இரண்டாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை தர மறுத்தது. காரணம் கவனிக்க வேண்டியது. விதிகள் ஒருவேளை துப்பாக்கி வாங்கும் உரிமையையே நசுக்கும் அளவுக்குப் போனால் பிரச்சினைதான் என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது. ஆனால், நியூயார்க் மக்களுக்குத் துப்பாக்கி வாங்குவது கடினமாகிவிட்டது என்பதற்கு ஆதாரம் எங்கே என்று கேட்டது.

அதாவது, எடைபோடப்படுவது வாங்குபவரின் உரிமை. குறிப்பிட்ட ஒரு கடை பிழைக்குமா என்பது அல்ல. பக்கத்து ஊரில் பெரிய கடை திறந்திருக்கும் வரை, வீட்டு டீலர் கடையைச் சாத்தினாலும் அரசமைப்புக்குச் சேதமில்லை. குட்டி டீலருக்கு நீதிமன்றத்தில் பெரிய நிம்மதி கிடைக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவருக்கு நியாயம் கிடைக்க வேண்டுமென்றால் அது சட்டமன்றத்தில்தான்.

வேற வழி இருக்கா?

இல்லினாய் கொஞ்சம் வேறு மாதிரி யோசித்தது. 2019-ல் வந்த அதன் டீலர் சான்றிதழ் சட்டம், பொதுமக்கள் வந்துபோகும் சில்லறைக் கடை வைத்திருப்பவர், வைத்திருக்காதவர் என்று இரண்டாகப் பிரிக்கிறது. சான்றிதழ் கட்டணம் முன்னவருக்கு 1,500 டாலர் வரை, பின்னவருக்கு 300 டாலர் வரை. வீடியோ கட்டாயம் சில்லறைக் கடைகளுக்குத்தான். சேமிப்பு 90 நாள்; மேலே போட்ட கணக்கில் 8 டி.பி.க்கும் குறைவு, ஒரே ஹார்டு டிஸ்க்கில் முடிந்துவிடும். கழிப்பறைக்குள் கேமரா கூடாது என்றும் எழுதி வைத்திருக்கிறார்கள். இதையெல்லாமா சட்டத்தில் எழுதுவார்கள் என்று சிரிக்கலாம், ஆனால் எழுதாமல் விட்டால் யாராவது ஒருவர் வைப்பார்.

இந்தப் பிரிவினைக்கு ஒரு தர்க்கம் இருக்கிறது. ஏ.டி.எஃப். 2000-ல் வெளியிட்ட ஆய்வில், 1998-ல் தடம் பிடிக்கப்பட்ட குற்றத் துப்பாக்கிகளில் 57 சதவீதம், நாட்டின் டீலர்களில் வெறும் 1.2 சதவீதத்தினரிடம் போய் நின்றது. 85 சதவீதத்துக்கும் மேற்பட்ட டீலர்களிடம் அந்த ஆண்டு ஒரு துப்பாக்கிகூடத் தடம் வந்து சேரவில்லை. நிறைய விற்பவரிடம் நிறையத் தடம் போவது இயல்பு என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். ஆனாலும் கவனம் எங்கே போக வேண்டும் என்பதை இந்த எண் சொல்கிறது. பழைய எண்தான், தடமறியும் விவரங்களை வெளியிடுவதற்கு பின்னாளில் நாடாளுமன்றமே கட்டுப்பாடு போட்டுவிட்டதால், கடை வாரியாக இப்படி ஒரு படம் பொதுவெளியில் கிடைப்பது அபூர்வமாகிவிட்டது.

மறுபக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். வீட்டு டீலருக்கு மொத்தமாக விலக்கு கொடுத்தால், பினாமி வாங்குபவர் கேமரா இல்லாத வீட்டைத் தேடிப் போவார். அதனால் முழு விலக்கு எனக்குச் சரியாகப் படவில்லை. துப்பாக்கி கைமாறும் அந்த அரை மணி நேரம் பதிவாகட்டும், வாங்குபவர் முகமும் கூட வந்தவர் முகமும் தெரியட்டும், அதை ஓராண்டு அல்ல, 3 ஆண்டுகூட வைத்திருக்கட்டும். மாதத்துக்கு நாலு விற்பனை என்றால் மொத்தமே 2 மணி நேரப் பதிவு. 3 ஆண்டுக்குச் சேர்த்தாலும் ஒரு கேமராவுக்கு 65 ஜி.பி.தான், ஒரு பென் டிரைவில் அடங்கும். ஏ.டி.எஃப்.பின் 3 ஆண்டு அளவுகோலோடும் அது பொருந்தும். திருட்டு பயத்துக்குப் பெட்டகத்தைப் பார்த்து ஒரு கேமரா, அசைவு இருந்தால் ஓடினால் போதும். ஆளில்லாத மேசையின் ராத்திரி வீடியோ யாருக்கும் சாட்சி ஆகப்போவதில்லை.

கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவர் விஷயத்துக்கு இவை எதுவும் பதில் இல்லை என்பதும் உண்மை. மில்வாக்கியில் இரண்டு பேர் சேர்ந்து வந்ததும், ஒருவர் தேர்வு செய்ய இன்னொருவர் வாங்கியதும் கேமராவுக்கு மட்டும் நடந்த காட்சி அல்ல. விற்றவரின் கண் முன்னாலும் அதுதான் நடந்தது. படிவத்தில் திருத்தங்கள் இருந்தன, வழக்கில் அவை பேசப்பட்டன. வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம் அன்று அந்தக் கடையில் ஒருவருக்குத்தான் இருந்தது, அவர் விற்றார்.

கலிஃபோர்னியாவில் துப்பாக்கி வாங்க 10 நாள் காத்திருக்க வேண்டும். ஆக, ஒவ்வொரு வாடிக்கையாளரும் குறைந்தது இரண்டு முறை டீலரின் மேசைக்கு வருகிறார், இரண்டு முறையும் கேமராவில் பதிவாகிறார். இரண்டாவது தடவை அவர் வேறொருவரைக் கூட்டிக்கொண்டு வந்தால், அன்றைக்கே பார்த்துக் கேள்வி கேட்கப்போவது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பவர்தான்.